சாரல் காலத்தில் ஒரு கதவு, அடைமழைக் காலத்தில் ஒரு கதவு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் விடுமுறைப் பேச்சு எழுந்தால் மனம் தானாக மலைப்பக்கம் போகும். குற்றாலம், தேக்கடி, கொடைக்கானல், கூடினால் மூணாறு. கடல் என்றால் திருச்செந்தூரும் கன்னியாகுமரியும். தீவு என்று யாராவது சொன்னால், அது வசதியுள்ளவர்கள் விமானத்தில் போகிற இடம் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ரயில் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நம் ஊரின் இருப்பு வேறு மாதிரி தெரிகிறது. எர்ணாகுளத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே வாரம் இருமுறை ஓடும் எக்ஸ்பிரஸ், புனலூர், செங்கோட்டை, தென்காசி வழியாக மலையைக் கடந்து ராஜபாளையத்தில் நின்று, விருதுநகர், மானாமதுரை, காரைக்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் என்று போகிறது. அதன் ஒரு முனையில் கொச்சித் துறைமுகம். லட்சத்தீவுக் கப்பல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. மறுமுனைக்குச் சற்று முன்னால் நாகைத் துறைமுகம். யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு அங்கிருந்து கிளம்புகிறது. கடலே இல்லாத ஊருக்கு இரண்டு கடல்களிலும் ஒரே தண்டவாளத்தில் வாசல் அமைந்திருக்கிறது. புனலூர்–செங்கோட்டை மலைப்பாதை 2018இல் அகலப்பாதையாகத் திறந்த பிறகு கிடைத்த வசதி இது.

இந்த வாசல்களைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு, கப்பல் பயணங்களைத் திட்டமிட்டதிலும் திட்டம் கலைந்ததிலும் நான் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வருகிறேன். கப்பலை பஸ்ஸைப் போலவோ ரயிலைப் போலவோ நினைத்துத் திட்டம் போடக் கூடாது. நமக்கு எப்போது லீவு என்று பார்த்து, அந்தத் தேதிக்குக் கப்பல் இருக்கிறதா என்று தேடுவது தலைகீழான வழி. எந்தக் கடல் எப்போது அமைதியாக இருக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும், அந்த மாதங்களுக்குள் நம் லீவு எங்கே விழுகிறது என்று பிறகு பார்க்க வேண்டும், அப்படி விழுந்த இடத்திலும் ஓரிரு நாட்களைக் கடலுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். தீவுப் பயணத்தில் மனக்கசப்போடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தவறவிட்டவர்கள்தாம். பணமோ கப்பலின் தரமோ அதற்கு அடுத்த காரணங்களே.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இது உண்மையில் எளிது, ஏனென்றால் நமக்குக் கடல் தெரியாவிட்டாலும் பருவம் தெரியும். வைகாசி கடைசியில் மேற்கிலிருந்து காற்று கிளம்புகிறது, குற்றாலத்தில் சீசன் தொடங்குகிறது, மலைமேல் மேகம் உட்கார்ந்து ராஜபாளையத்துக்குச் சாரல் மட்டும் தட்டுகிறது. ஆடியில் காற்று மண்ணை வாரி வீசுகிறது. இதே காற்றுதான் நம்மை வந்து சேருமுன் அரபிக்கடலைக் கலக்கிவிட்டு வருகிறது. லட்சத்தீவு நிர்வாகம் மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மழைக்காலமாகக் கணக்கிடுகிறது. அந்த மாதங்களில் விரைவுப் படகுகள் ஒதுங்கிவிடும், பெரிய கப்பல்கள் குறைந்த அளவில் ஓடும், சுற்றுலாத் தொகுப்புகள் நிற்கும். பிறகு ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்குப் பருவமழைதான் நம் கண்மாய்களை நிரப்புகிறது. அதே மழை வங்கக்கடலையும் பாக் நீரிணையையும் பயணிகள் படகுக்கு ஆகாததாக்கிவிடுகிறது. ஆக, குற்றாலத்தில் அருவி கொட்டும்போது மேற்குக் கதவு சாத்தியிருக்கிறது, கண்மாய் நிரம்பும்போது கிழக்குக் கதவு சாத்தியிருக்கிறது. மழை கடலிலிருந்து வருகிறது என்பதை திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ஆண்டாள் பாடிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொடர்பை நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

கிழக்குக் கதவின் சமீப வரலாறு இதற்கு நேரடிச் சான்று. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை படகுச் சேவை 2023 அக்டோபர் 14 அன்று கோலாகலமாகத் தொடங்கியது. ஓடியது செரியபாணி என்ற விரைவுப் படகு. அந்தப் பெயரே லட்சத்தீவுப் பவளத்திட்டு ஒன்றின் பெயர். ஏறத்தாழ 110 கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்தில் கடந்தது. ஆனால் தொடங்கிய தேதியைப் பாருங்கள்: புரட்டாசி முடியும் தறுவாய். ஒரே வாரத்தில், அக்டோபர் 20இல், பருவமழையைக் காரணம் காட்டிச் சேவை நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற படகோடு தனியார் நிறுவனம் ஒன்று மீண்டும் தொடங்கியது. நவம்பரில் அதுவும் நின்று, அடுத்த பிப்ரவரி 22இல்தான் திரும்ப ஓடியது. இரண்டு ஆண்டுகளிலும் நிறுத்தியது ஒரே பருவம். நிறுவனம் மாறியது, படகு மாறியது, கட்டணம் மாறியது, காற்று மட்டும் மாறவில்லை. இதைப் படித்தவர் யாரும் தீபாவளிக்கு யாழ்ப்பாணம் போகக் கப்பல் டிக்கெட் தேட மாட்டார்.

நம் ஊர் விடுமுறைகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். காலாண்டு விடுமுறை செப்டம்பர் இறுதியில் வருகிறது. லட்சத்தீவு அப்போதுதான் திறக்கிறது, கிழக்கிலும் இரண்டு பருவங்களுக்கு இடைப்பட்ட சிறு அமைதி கிடைக்கலாம், ஆனால் எதையும் நம்பி முன்பணம் கட்டுவதற்கில்லை. தீபாவளி கிழக்கே அறவே ஆகாது. அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் மேற்கே போகலாம். டிசம்பர் இரண்டாம் பாதியிலிருந்து அரபிக்கடல் பொதுவாக அமைதி. மார்கழிக் குளிரில் ஸ்ரீவில்லிபுத்தூர் விழித்திருக்கும் நாட்களில் லட்சத்தீவின் கவரத்தியில் கடற்கழி கண்ணாடியாக இருக்கும். கோடை விடுமுறைதான் எல்லோருக்கும் வாய்ப்பானது. ஏப்ரலில் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். ஆனால் மே பாதிக்கு மேல் லட்சத்தீவை விட்டுவிடுங்கள். பரீட்சை முடிந்து, ஊரில் பங்குனித் திருவிழா முடிந்து, வெயிலும் ஏறி, மே கடைசியில் போகலாம் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் அநேகம். அந்தத் தள்ளிப்போடல்தான் கப்பலைத் தவறவிடச் செய்கிறது. ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு நாகைதான் வழி. அந்த மாதங்களில் அங்கே காற்று உண்டு, ஒரு நாள் இரு நாள் படகு நிற்கவும் கூடும், ஆனால் பருவம் முழுக்க மூடுவதில்லை.

பருவம் பார்த்தாயிற்று, பிறகும் எதற்கு உபரி நாள் என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்லத் தீவுவரை போக வேண்டாம், கன்னியாகுமரி போதும். கரையிலிருந்து விவேகானந்தர் பாறை அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் பல ஆண்டுகளாக அங்கே படகு ஓட்டுகிறது, அனுபவத்துக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் படகு நிற்கிறது, காற்று மிகுந்தால் நிற்கிறது, திருவள்ளுவர் சிலையைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. சிலைக்கும் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்ததே, ஒரு படகுத்துறையின் தொல்லையையாவது குறைப்பதற்குத்தான். அரைக் கிலோமீட்டருக்கே இந்த நிலை என்றால், 110 கிலோமீட்டர் நாகைக் கடலுக்கும், கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர்வரை பரந்திருக்கும் தீவுகளுக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும்! நல்ல பருவமும் உத்தரவாதம் அல்ல. 2017இல் ஒக்கி புயல் நவம்பர் கடைசியில் கன்னியாகுமரியைத் தாக்கி, டிசம்பர் தொடக்கத்தில் லட்சத்தீவின் மேல் போனது. பருவம் தெரிந்தால் பெரிய ஏமாற்றம் தவிரும். சிறிய ஏமாற்றத்துக்கு உபரி நாள்தான் மருந்து.

உபரி நாளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். போகும்போது ஒரு நாள் முன்னதாகத் துறைமுக ஊருக்குப் போய்விட வேண்டும். வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் நாகையைத் தொடுகிறது, காலையில்தானே படகு, சரியாக இருக்கிறதே என்று தோன்றும். சரியாக இல்லை. காங்கேசன்துறை வெளிநாட்டுத் துறைமுகம். குடிநுழைவு, சுங்கம், பெட்டிச் சோதனை எல்லாம் முடிக்க, படகு கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். ரயில் மானாமதுரையில் ஒரு மணி நேரம் நின்றால் படகு போய்விடும். முந்தின நாளே போய் நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ தங்குவது நல்லது, நாகூர் தர்காவையும் பார்த்ததாக இருக்கும். கொச்சிக்கும் இதே விதி. திரும்பும்போது இன்னும் கண்டிப்பு வேண்டும். ஞாயிறு மாலை கரையேறி, இரவு ரயில் பிடித்து, திங்கள் காலை மில் ஷிப்டுக்கோ பள்ளிக்கோ போய் நிற்கலாம் என்ற திட்டம் ஒரு நாள் தாமதத்தைக்கூடத் தாங்காது. படகு நிறுவனம் தானே பயணத்தை ரத்து செய்தால் படகுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் தங்கும் விடுதிக்கும் ரயிலுக்கும் கட்டியது அதோடு சேர்ந்து வராது. தேதி மாற்றிக்கொள்ள இடம் தரும் விடுதிகளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், சற்றுக் கூடுதல் வாடகையானாலும் சரி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நூற்பாலையிலும் சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகளிலும் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் கூலி. கடலுக்கென்று இரண்டு நாள் ஒதுக்கு என்று சொல்வது வசதியுள்ளவன் பேச்சு இல்லையா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. என் பதில் இதுதான்: கூலி நாள் விலையுயர்ந்தது என்பதாலேயே உபரி நாளை முன்கூட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து நாள் லீவு கிடைத்தால் தீவில் மூன்று நாளுக்குத் திட்டம் போடுங்கள், ஐந்து நாளுக்குப் போடாதீர்கள். கடல் ஒத்துழைத்தால் மிஞ்சிய நாளில் ஊர் வந்து ஓய்வெடுக்கலாம், இழப்பு ஒன்றுமில்லை. ஒத்துழைக்காவிட்டால் ஏற்கனவே கணக்கில் இருக்கும் நாள்தான் செலவாகும். எதிர்பாராமல் போகும் ஒரு நாள், கூலியோடு மேலாளரிடமிருக்கும் நல்ல பெயரையும் கொண்டுபோகும். ஐந்து நாள்கூடக் கிடைக்காது என்றால் இந்த ஆண்டு கப்பல் வேண்டாம். கன்னியாகுமரிக்கே போய் வாருங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை.

அடுத்த மறுப்பு விமானம். யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் இருக்கிறது, 2025இல் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. லட்சத்தீவில் அகத்திக்குக் கொச்சியிலிருந்து சிறிய விமானம் போகிறது. நாலு மணி நேரப் படகும் பதினான்கு மணி நேரக் கப்பலும் எதற்கு? நேரம் மட்டுமே அளவுகோல் என்றால் விமானம் வெல்லும், அதை ஒப்புக்கொள்கிறேன். படகு மலிவு என்று சொல்லியும் நான் அழைக்க மாட்டேன். நாகைப் படகின் தொடக்கக் கட்டணமே வரியோடு ஏழாயிரத்துச் சொச்சம் இருந்தது. பிறகு குறைந்தது, மாறிக்கொண்டே இருக்கிறது, இந்திய அரசு நிதி உதவி செய்தும் பஸ் கட்டணம் ஆகிவிடவில்லை. கப்பலின் பயன் வேறு. ஒரு தீவு கரையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பது விமானத்தில் உடம்புக்குத் தெரிவதில்லை. கொச்சியை மாலையில் விட்டு, இரவெல்லாம் இருட்டில் போய், விடிந்ததும் நீலம் பச்சையாக மாறும் கடற்கழியின் விளிம்பில் நிற்கும்போது, முப்பத்திரண்டு சதுர கிலோமீட்டர் நிலத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி தானாக எழுகிறது. பிள்ளைகளுக்குப் புவியியல் அங்கே பாடமாக இல்லாமல் அனுபவமாகப் பதிகிறது. அதற்கு மதிப்பில்லை என்று நினைப்பவர்கள் விமானத்திலேயே போகலாம். அந்தமானுக்கு மட்டும் நான் விமானத்தின் பக்கம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர், மூன்று நாள் போக, மூன்று நாள் வர. குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு அது அதிகம். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு விமானத்தில் இறங்கி, அங்கிருந்து ஸ்வராஜ் தீவுக்கும் ஷஹீத் தீவுக்கும் படகில் போனால் கடலும் கிடைக்கும், நாளும் மிஞ்சும்.

உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற பயம் நம் ஊரில் பெரிது, ஏனென்றால் குமுளி மலைப்பாதையில் பஸ் ஏறியவர்களுக்கு வாந்தி என்றால் என்ன என்று தெரியும். காரணம் இரண்டிலும் ஒன்றே. கண் ஒன்று சொல்கிறது, காதின் உட்பகுதியில் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது, மூளை குழம்புகிறது. ஆனால் பஸ்ஸை ஓரங்கட்டலாம், கப்பலை ஓரங்கட்ட முடியாது. ஆகவே குமட்டல் வந்த பிறகு மருந்து தேடுவதில் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் தாமாக மாத்திரை வாங்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும், எண்ணெய் பரோட்டா வேண்டாம். எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். ஊஞ்சலின் நடுவில் ஆட்டம் குறைவு, ஓரத்தில் அதிகம் என்பதைப் போலத்தான் கப்பலும். நடுப்பகுதி, கீழ்த்தளம், முடிந்தால் தொடுவானம் கண்ணில் படும் இடம். போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நிச்சயம் குமட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெரிய கப்பல் மெதுவாகச் சாயும், நிமிரும். விரைவுப் படகு அலையில் தட்டித்தட்டிப் போகும், குளிர்சாதன அறையை விட்டு வெளியே வந்து காற்று வாங்க வழியும் பெரும்பாலும் இருக்காது. நாகை வழி நேரம் குறைவு என்பதால் அது எளிது என்று எண்ண வேண்டாம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயர முன்னறிவிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. இரண்டு மீட்டருக்கு மேல் என்று இருந்தால், படகு ஓடினாலும் பாட்டியையும் கைக்குழந்தையையும் அன்று ஏற்ற மாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான தைரியம் இருக்கிறது: அரசாங்கப் படகுதானே, ஒன்றும் ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் பக்கம்தான் தேக்கடி ஏரி. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஜலகன்னிகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையோரம் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தபோது படகு சாய்ந்தது. லைஃப் ஜாக்கெட் யாரும் போட்டிருக்கவில்லை. 2014 ஜனவரி 26இல் போர்ட் பிளேர் அருகே கவிழ்ந்த படகில் இறந்த 21 பேரில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து போன சுற்றுலாப் பயணிகள். ஏற்ற வேண்டிய அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு அது. இரண்டு விபத்தும் புயலில் நடக்கவில்லை, அமைதியான நீரில் நடந்தவை. பெரிய கப்பலை நினைத்துப் பயப்படுகிறோம். ஆனால் ஆபத்து அதிகம் இருப்பது கப்பலிலிருந்து இறங்கி ஏறும் சிறு படகில்தான். லட்சத்தீவில் பல இடங்களில் பெரிய கப்பல் கடற்கழிக்குள் நுழைய முடியாது. வெளியே நிற்க, அலையில் ஏறி இறங்கும் சிறு படகுக்கு மாற வேண்டும். கையில் பையும் தோளில் பிள்ளையுமாக அங்கே காலை வைக்கக் கூடாது. பையை முதலில் கொடுங்கள், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், படகோட்டி சொல்லும் கணத்தில் மட்டும் அடியெடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதாகச் சொன்னால், எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மற்றவர்கள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். ஆள் அதிகம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கிவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

நமக்கு விடுமுறையான கப்பல் தீவுக்காரர்களுக்கு வாழ்க்கை என்பதையும் மறக்கலாகாது. லட்சத்தீவில் மக்கள் வாழும் பத்துத் தீவுகளுக்கும் நோயாளி போவதும், கல்லூரி மாணவர் போவதும், அரிசி வருவதும் பெரும்பாலும் கப்பலில்தான். எம்.வி. கவரத்தி எழுநூறு பேரை ஏற்றும் பெரிய கப்பல். மற்றவை அதைவிடச் சிறியவை. அங்கே நுழைவு அனுமதிச்சீட்டு இல்லாமல் போக முடியாது என்பதும், சுற்றுலாவுக்குப் பெரும்பாலும் தொகுப்புப் பயணமாகத்தான் இடம் கிடைக்கிறது என்பதும் சிலருக்கு எரிச்சல். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பகலில் காட்டி இரவில் கப்பலிலேயே உறங்கவைக்கும் ஐந்து நாள் சமுத்திரம் பயணம் அப்படிப்பட்டதுதான். எனக்கு அந்தக் கட்டுப்பாடு சரியென்றே படுகிறது. குடிநீருக்கே அல்லாடும் சிறு தீவு அளவோடுதான் விருந்தாளியைத் தாங்கும். யாழ்ப்பாணத்திலும் இதே நிலைதான். காங்கேசன்துறையில் இறங்குகிறவர்கள் கீரிமலையையும் நல்லூரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறைக்குப் போனால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு இருக்கிறது. நயினாதீவுக்குச் சிறிது நேரம், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். பவளக்கல் அடுக்கிய வேலிகளும் மட்டக்குதிரைகளும் பெருக்கமரமும் நெடுந்தீவில் பார்க்க வேண்டியவை. அந்தப் படகுகளில் பள்ளி ஆசிரியர்களும் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் மீன் பெட்டிகளும் போகும். இருக்கையை அவர்களுக்கு விடுங்கள். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று கேட்ட பிறகே தீவுக்குள் நடங்கள். 1985 மே 15இல் அந்தக் கடலில் குமுதினி என்ற பயணிகள் படகில் போன பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவுத் துறையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ஆரவாரமாகப் படம் எடுக்கும் இடம் அல்ல அது.

தாள்கள், பெட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காங்கேசன்துறைக்குப் பாஸ்போர்ட்டும் இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். விருதுநகர் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பாவது விண்ணப்பியுங்கள். பெட்டியின் எடை வரம்பு படகுக்குப் படகு, ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். உறவினருக்குக் கொடுக்க ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் ஒரு கூடை கொண்டுபோக ஆசையாக இருக்கும். நாடு விட்டு நாடு பழமும் செடியும் கொண்டுபோகத் தாவரத் தடைக்காப்பு விதிகள் குறுக்கே நிற்கும், கரையில் பறிகொடுக்க நேரலாம். பால்கோவா பால் பண்டம். கடல் வெக்கையில் புளித்துவிடக்கூடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்தைப் புளிக்கவைத்துக் கொடுப்பதைவிட, நீர் சுண்டப் பொரித்த முறுக்கும் சேவும் கொடுப்பது மரியாதை. லட்சத்தீவுக்கு மதுபானம் கொண்டுபோகக் கூடாது. அங்கே மதுவிலக்கு, பங்காரம் தீவு மட்டும் விலக்கு.

இவ்வளவு நிபந்தனை சொன்னால் யார் கப்பல் ஏறுவார்கள் என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். நிபந்தனையைச் சொல்லாமல் ஆசை காட்டுவதுதான் கப்பல் சேவைகளுக்குக் கெடுதல் என்று நினைக்கிறேன். முதல் பயணம் தவறான மாதத்தில் அமைந்து, வாந்தியும் அலைச்சலுமாகத் திரும்பிய குடும்பம் இரண்டாம் முறை வராது, பத்துப் பேரிடம் வேண்டாம் என்றும் சொல்லும். ஏற ஆள் இல்லாத கப்பல் நிற்கும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் ஓடிய நீராவிக் கப்பலை 1964 டிசம்பர் புயல் முடித்துவைத்தது. ராமேஸ்வரத்திலிருந்து அதன் பிறகு ஓடிய கப்பலை இலங்கைப் போர் நிறுத்தியது. ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் ஓடத் தொடங்கிய ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பலைப் புயலும் நிறுத்தவில்லை, போரும் நிறுத்தவில்லை. ஆயிரம் பேர் ஏறக்கூடிய கப்பலில் போதிய பயணிகள் ஏறவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை. நாகைப் படகு இன்று சிறியது, 150 பேருக்கு உட்பட்டது, நிரப்ப முடியாத அளவு இல்லை. பிப்ரவரி, மார்ச், ஜூலை மாதங்களில், கூட்டமில்லாத வார நாட்களில், பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீடுகளும் ஓய்வுபெற்றவர்களும் அதில் போனால் அந்த வழி நிலைக்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மிக அருகில் இருக்கும் பெரிய துறைமுகம் தூத்துக்குடிதான். 2011 நவம்பரில் ஸ்கோஷியா பிரின்ஸ் நின்றதோடு அங்கிருந்து கொழும்புக்கு இருந்த பயணிகள் கப்பலும் போயிற்று.